சேரித் தாய்க்குச் சத்துணவுப் பாடம்

பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாட்டுப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பது பெற்றோரின் பொறுப்பு என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். டாக்டர் சொல்கிறார், டீச்சர் சொல்கிறார், வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் சொல்கிறது. கேட்பதற்கு நியாயமான பேச்சுதான். யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பேச்சு சேரிக்குள் நுழையும்போது அதன் குரல் மாறிவிடுகிறது. "பெத்தவ ஒழுங்கா ஆக்கிப் போட்டிருந்தா புள்ள ஏன் இப்படி சவலையா கெடக்குது?" என்று கேட்கிறது. பொறுப்பு என்று தொடங்கிய பேச்சு குற்றச்சாட்டாக வந்து முடிகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவள் எப்போதும் தாய்தான். தகப்பனைக்கூட யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

பிள்ளைக்குத் தின்னக் கற்றுக்கொடுக்க ஒரு தாய்க்கு மூன்று விஷயம் வேண்டும். கையில் தானியம் இருக்க வேண்டும். உட்கார்ந்து ஊட்ட நேரம் இருக்க வேண்டும். தான் தின்பது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லும் தைரியம் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் யார் எப்போது பிடுங்கினார்கள் என்று பார்க்காமல் தாயைத் திட்டுவது வரலாறு தெரியாதவர்கள் வேலை. தெரிந்தும் மறைப்பவர்கள் வேலையாகவும் இருக்கலாம்.

1

முதலில் தானியம். தமிழ்நாட்டின் நெல் முழுக்க நம் சனங்கள் கை பட்டுத்தான் விளைந்தது. நடவு, களையெடுப்பு, அறுப்பு, போரடிப்பு எல்லாம் நம் கை. களத்துமேட்டில் நெல்லைத் தூற்றி, நல்ல நெல் வண்டி ஏறிப் போன பிறகு, அடியில் கிடக்கும் கருக்காயையும் மண்ணோடு கூட்டி அள்ளிய நெல்லையும்தான் நம்மாட்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். எங்க ஆயா செங்கல்பட்டுப் பக்கத்துக் கழனிகளில் வேலை செய்தவர். "நாலு தடவ பொடைச்சாத்தாண்டி அது நெல்லுன்னே தெரியும்" என்பார். அந்த நெல்லில் வரும் நொய்தான் பிள்ளைக்குக் கஞ்சி. வடித்த சோறு பண்டிகைக்குத்தான்.

சேரிச் சனங்களின் இந்த வறுமைக்குக் காரணம் நிலமின்மை என்பதை வெள்ளைக்கார அதிகாரி ஒருவரே எழுதி வைத்தார். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லுவது அதைத்தான். அந்த நிலங்கள் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். மீட்கக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபரில், செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நிலப் போராட்டம் வேறு, பிள்ளையின் சாப்பாடு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள், கேழ்வரகு எங்கே விளைகிறது என்று சொல்லட்டும். ஒரு காணி இருந்திருந்தால் மேட்டில் கேழ்வரகும் வரப்பில் துவரையும் வேலியோரம் முருங்கையும் இருந்திருக்கும். அந்தத் தாய்க்கு எந்தப் பாடமும் வேண்டியிருக்காது.

1930-31இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் போட்ட தடைகளை ஹட்டன் தமது நூலில் பதிந்திருக்கிறார். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் தண்ணீர் எடுக்கவும் மண்குடம்தான். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரருக்கு மலிவாக விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை. கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலை ஒரு தாயின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். எதில் சமைப்பது, எதில் தண்ணீர் எடுப்பது, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது, பிள்ளை பகலில் எங்கே இருப்பது, எல்லாவற்றையும் வேறொருவன் தீர்மானித்திருக்கிறான். பிள்ளைக்கு ஊட்டுவதற்கு அவளிடம் மிச்சம் இருந்தது இருட்டிய பிறகான நேரம் மட்டும்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில், யாத்திரை போய் வந்த தீண்டப்படாதவர் ஒருவர் தன் சனங்களுக்கு விருந்து வைத்தார். பலகாரத்தில் நெய் சேர்த்திருந்தார். அது தெரிந்து தடிகளோடு வந்த சாதி இந்துக்கள் சாப்பாட்டைப் பாழாக்கி, சாப்பிட உட்கார்ந்தவர்களை அடித்து விரட்டினார்கள். அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் இதை எடுத்துச் சொல்கிறார். நெய் அவர்கள் காசில் வாங்கிய நெய். ஆனாலும் நெய் தின்பது அவர்கள் தகுதிக்கு மீறியது. 'பிள்ளைக்குத் தினமும் ஒரு கரண்டி நெய் கொடுங்கள்' என்று இன்று எழுதுகிறார்களே, அந்தக் கரண்டிக்குப் பின்னால் இப்படி ஒரு தடியும் இருந்திருக்கிறது.

கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட சண்டையின் நெருப்பில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். அதில் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். பிள்ளைக்கு வயிறாரச் சோறு போட நினைத்த பெற்றோருக்கு இந்த மண் தந்த பதில் அது.

2

இத்தனைக்கும் நடுவில் நம் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு எதையும் கற்றுத்தரவில்லையா? கற்றுத் தந்தார்கள். அதைப் பாடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மழை விட்ட மறுநாள் எந்த வரப்பில் நத்தை பொறுக்கலாம், நண்டு வளை எது, பாம்பு வளை எது, எந்த மாதத்தில் வயல் எலி கொழுத்திருக்கும், ஏரி வற்றும்போது குறவை எந்தச் சேற்றில் ஒதுங்கும், இவையெல்லாம் ஆறேழு வயதில் தெரிந்துவிடும். பண்ணைக்கீரையைத் தண்டோடு ஒடிக்கணுமா, நுனியைக் கிள்ளணுமா, முருங்கைக்கீரையை எதோடு சேர்த்து வதக்கினால் கசக்காது என்பதெல்லாம் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தானாக ஏறும். மாட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டு உப்புக்கண்டமாக்கி, வேலை இல்லாத மாதத்துக்கு எடுத்து வைப்பார்கள். ஈரலைச் சுட்டு, சவலைப் பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் முதலில் கொடுப்பார்கள். "ஈரலு ரத்தம் ஊறும்" என்பது ஆயாவின் வைத்தியம். ஈரலில் இரும்புச்சத்து இருக்கிறது என்று புத்தகம் சொல்வதும் அதையேதான்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கூழ் குடிக்கிறவன் என்று கேலி பேசியே நம்மைக் கூழிலிருந்து விரட்டினார்கள். இப்போது அதே கேழ்வரகைச் சிறுதானியம் என்று பேர் மாற்றிப் பளபளப்பான உறையில் போட்டு விற்கிறார்கள். கேலி பேசியவர் வீட்டுப் பிள்ளைதான் அதைக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறது.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். புறநானூற்றில் கபிலர், ஈசலை இட்டுப் புளிக்க வைத்த உணவைப் பாரி நாட்டின் வளமாகப் பாடுகிறார். அங்கே அதில் இழிவு எதுவும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் வேறொரு காட்சி. பசியால் வாடிய பாணன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். ஊரார் பார்த்துப் பழிப்பார்களே என்று வெட்கப்பட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து சாப்பிடுகிறாள். எங்கள் வகுப்பில் இதை வறுமையின் கொடுமைக்கு உதாரணமாக நடத்தினார்கள். கதவு ஏன் சாத்தப்பட்டது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. பசி வறுமையால் வந்தது, கதவைச் சாத்தச் சொன்னது பக்கத்து வீட்டுப் பார்வை.

அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த வெளியூர் அம்மா ஒருவர், "புள்ளைக்கு என்னம்மா குடுக்கிற?" என்று கேட்டார். எங்கம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "பருப்பு, வெண்டக்கா, காரட்டு" என்றார். காரட் எங்கள் வீட்டில் நான் பார்த்ததே கிடையாது. அன்றைக்கு அடுப்பில் வெந்தது நத்தை. அந்த அம்மா காரட்டை எழுதிக்கொண்டு போனார். நத்தையில் எவ்வளவு புரதம் என்று அவருக்குத் தெரிந்திருந்தாலும் பயன் இல்லை, எங்கம்மாவால் அந்தப் பெயரை அவர் முன் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த சரிவிகித உணவுப் படத்தில் பாலும் ஆப்பிளும் முட்டையும் இருந்தன. மாட்டுக்கறியும் நத்தையும் இல்லை. படத்தில் இல்லாததைத் தின்கிற பிள்ளை, தான் தின்பது உணவே இல்லை என்று நினைத்து வளர்கிறது.

இதற்கு மேல் வயல்களில் பூச்சி மருந்து வந்தது. நத்தையும் நண்டும் வரப்புக் கீரையும் குறைந்தன. கம்பும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலம் பணப்பயிருக்கும் வீட்டு மனைக்கும் போனது. ரேஷன் அரிசி 2011 முதல் விலையில்லாமல் கிடைத்தது. அது பசியை அடக்கியது, அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. ஆனால் தட்டில் வெள்ளைச் சோறு மட்டும் குவிந்தது. பக்கத்தில் இருந்ததெல்லாம் போய்விட்டது.

3

எதைத் தின்ன வேண்டும் என்று சொல்வதோடு, எதைத் தின்னக் கூடாது, ஏன் என்று சொல்வதும் பெற்றோரின் வேலை. இதை நமக்கு முதலில் அரசியலாகச் சொன்னவர் அம்பேத்கர். 1927 மார்ச்சில் மகத் மாநாட்டில், செத்த மாட்டின் கறியையும் வீடுவீடாகப் போய் வாங்கும் எச்சில் ரொட்டியையும் விட்டுவிடச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் மகத்தில் பெண்களிடம் தனியாகப் பேசினார். செத்த மாட்டின் கறியை வீட்டுக்குள் விடாதீர்கள், பெண் பிள்ளைகளையும் படிக்க வையுங்கள், குடித்துவிட்டு வரும் ஆம்பளைக்குச் சோறு போடாதீர்கள் என்றார்.

இதை மேலோட்டமாகப் படிக்கிறவர்கள், பார்த்தீர்களா அம்பேத்கரே மாட்டுக்கறியை விடச் சொன்னார் என்பார்கள். அவர் விடச் சொன்னது செத்த மாட்டை, இலவசமாக விழும் மிச்சத்தை, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் அடிமைத்தனத்தை. சந்தையில் காசு கொடுத்து வாங்கும் நல்ல கறி அந்தக் கணக்கில் வராது. 1948இல் எழுதிய 'தீண்டப்படாதவர்கள்' நூலில் மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள வரலாற்று உறவை அவர் விரிவாக ஆராய்கிறார். அதில் தின்றவனைக் குற்றம் சொல்லவில்லை, ஒதுக்கியவனைத்தான் கேள்வி கேட்கிறார். நம்மில் கொஞ்சம் படித்து, நகரத்துக்குக் குடிபோன சிலர், வீட்டில் மாட்டுக்கறி சமைப்பதை நிறுத்திவிட்டு, "நாங்கல்லாம் அது சாப்பிடறதில்ல" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்கிறார்கள். அது ஆரோக்கியத்துக்காக எடுத்த முடிவென்றால் சரி. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயந்து எடுத்த முடிவென்றால், பிள்ளைக்குக் கற்றுத் தருவது சாப்பாட்டுப் பழக்கம் இல்லை, பயம்.

4

அரசும் இதில் தன் பங்குக்கு வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. கல்வி நிதியில் இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று மேலிருந்து தடை வந்து 1925இல் நின்றுபோனது. 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கி வைத்தார். 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் பள்ளி நடக்கும் 5 நாளும் முட்டை என்றானது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கியது.

இவை எதையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. ஒரு முட்டைக்காகப் பள்ளிக்கூடம் போன தலைமுறை இது. நாங்கள் படித்ததில் அந்தத் தட்டுக்குப் பங்கு உண்டு. எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்பது, இந்த ஊர்களின் வரலாற்றில் எத்தனை பெரிய காரியம்!

ஆனால் இதோடு இன்னொரு போக்கும் ஓடியது. 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை பார்ப்பார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு 90 நாள் சத்துருண்டை. எடை ஏறிவிட்டால் உருண்டை நின்றுவிடும். மீதி வேலை தாய்க்குப் போதனை செய்வது. மிக மோசமான எடைக்குறைவு இந்தத் திட்டத்தால் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன, நல்லதுதான். ஆனால் இதற்கு அடியில் இருந்த நினைப்பைக் கவனிக்க வேண்டும். தாய்க்கு அறிவு வந்துவிட்டால் உருண்டை தேவைப்படாது என்பது அந்த நினைப்பு. நிலம், கூலி, வேலை நேரம் எதுவும் தராசில் ஏறவில்லை. பிள்ளை மட்டும்தான் ஏறியது.

5

இனி மறுபக்கம் பார்ப்போம். பிள்ளைக்குச் சாப்பாட்டைப் பற்றிப் பெற்றோர் சொல்லித்தரும் முதல் பாடம் என்ன? ஆதிக்க சாதித் தெருக்களில், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் கையால் வாங்கித் தின்னக் கூடாது என்பதுதான் அது. கீரை நல்லது, மிட்டாய் கெட்டது என்பதெல்லாம் பிறகு வரும் பாடம்.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்க வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். முதலில் அதிகாரிகள் இடமாற்றம் செய்தது சமைக்க வந்த பெண்ணைத்தான். போராட்டம் எழுந்த பிறகே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்த ஊர் எட்டயபுரத்துக்குப் பக்கம். 1956இல் மதிய உணவு தொடங்கிய அதே எட்டயபுரம்.

அஞ்சாறு வயதுப் பிள்ளைக்குச் சூடான பொங்கலைப் பார்த்தால் வாய் ஊறும். அந்த வாயை மூடிக்கொண்டு பசியோடு உட்காரப் பிள்ளைக்குத் தானாகத் தெரியாது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவு கெட்ட சாப்பாட்டுப் பழக்கம் வேறென்ன இருக்கிறது? ஊட்டச்சத்து வாரம் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பெற்றோரைக் கூப்பிட்டு ஒருநாளாவது பாடம் நடத்தியிருக்கிறார்களா? நம் தெருவுக்குத்தான் படம் போட்ட தட்டியோடு வருகிறார்கள்.

6

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நம் பொறுப்பைக் கைகழுவ நான் சொல்லவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நாலில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. இதில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்று நம் காலனிப் பெட்டிக்கடைகளில் சரம்சரமாகத் தொங்குவது அஞ்சு ரூபாய்ப் பாக்கெட். விடியற்காலையில் வேன் ஏறிக் கட்டட வேலைக்கோ கம்பெனிக்கோ போகிற அம்மா, பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணித்துவிட்டு ஓடுகிறாள். அந்தப் பத்து ரூபாய்க்குள் அவள் மனசு இருக்கிறது. தான் கேட்டுக் கிடைக்காததைத் தன் பிள்ளை கேட்கும் முன்னே கொடுக்கணும் என்ற ஆசை இருக்கிறது. பாக்கெட் கம்பெனிக்காரனுக்கு அந்த ஆசை நன்றாகத் தெரியும். பாக்கெட்டில் இருப்பது உப்பும் எண்ணெயும் மாவும்தான் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது குற்றம் சாட்டாமல் சொல்ல வேண்டும். நம்மாட்கள்தான் அப்படிச் சொல்ல முடியும்.

தகப்பன்மார்களிடமும் பேச வேண்டும். 2003 முதல் அரசே கடை திறந்து சாராயம் விற்கிறது. கூலியில் எவ்வளவு அங்கே போகிறது என்று ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் தெரியும். பிள்ளையின் முட்டையும் கறியும் அந்தக் காசில்தான் இருக்கிறது. மகத்தில் அம்பேத்கர் பெண்களிடம் சொன்ன பேச்சு ஆண்கள் காதில் இன்னும் விழவில்லை. அம்மா கடைசியாகச் சாப்பிடுவதும், மிச்சம் இல்லையென்றால் தண்ணீர் குடித்துப் படுப்பதும் பெருமைப்பட வேண்டிய தியாகம் அல்ல. ரத்தசோகையோடு பிறக்கும் பிள்ளையின் கதை அந்தக் காலித் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது. பொம்பளப் பிள்ளைக்குக் கறித்துண்டு குறைத்துப் போடும் வழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. அதை ஒழிக்க எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

ஆகவே, நாம் கேட்க வேண்டியதும் செய்ய வேண்டியதும் சேர்ந்தே இருக்கின்றன. பஞ்சமி நிலத்தை மீட்டுக் கேட்பது பிள்ளையின் சாப்பாட்டுக்கான கோரிக்கை. வேலைக்குப் போகும் இடத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குத் தொட்டில் கேட்பதும் அதே கோரிக்கை. ரேஷனில் அரிசியோடு கேழ்வரகும் கம்பும் எல்லா ஊருக்கும் கேட்க வேண்டும். சத்துணவுக்கூடத்தில் தலித் பெண் சமைக்க வந்தால் எதிர்க்கிறவன் மேல் வழக்குப் போட வைக்க வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் உணவுப் படத்தில் நம் தட்டையும் வரையச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஆயா இருக்கும்போதே பேரப்பிள்ளையை அவரோடு கீரை பறிக்க அனுப்புங்கள். எது என்ன கீரை, எதற்கு நல்லது என்று அவர் சொல்வதை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மாட்டுக்கறி ஆக்கும் நாளில் சன்னலைச் சாத்தாதீர்கள். "என்ன கொழம்பு?" என்று யாராவது கேட்டால் பிள்ளையே பதில் சொல்லட்டும், உள்ளது உள்ளபடி.